இரண்டாவது பூட்டு

தங்களைக் கண்காணிக்க இருக்கிற அமைப்பின் பல்லைச் சட்டம் போடுகிறவர்களே சேர்ந்து பிடுங்கிவிட்டார்கள் என்று பேப்பரில் எப்போதாவது ஒரு செய்தி வரும். எந்த மாநிலம், எந்த நாடு என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. அந்தச் செய்தியில் கட்டாயம் ‘வலுப்படுத்துவதற்காக’ என்று ஒரு வார்த்தை இருக்கும். அதைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். அந்த நாற்றம் எனக்குப் பழகியது. எங்கள் ஊர் மோட்டார் ரூம் வாசலில்தான் அதை முதலில் முகர்ந்தேன்.

ஊர் பெயர் வேண்டாம். பிள்ளைப்பாக்கத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போன வருஷங்கள் அவை. எங்கள் ஏரி காய்ந்து, அதற்குள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கம்பெனிக்குத் தண்ணீர் வேண்டும், கட்டடம் கட்டத் தண்ணீர் வேண்டும், சுங்குவார்சத்திரத்து லாட்ஜுக்கும் தண்ணீர் வேண்டும். நிலம் விற்றவர்களில் பாதிப் பேர் டேங்கர் லாரி வாங்கினார்கள். லாரி வாங்கியவர்களில் சில பேர் எலெக்ஷனில் நின்று வார்டு மெம்பர் ஆனார்கள். மெம்பர் ஆனதும் ஊர் போர்வெல் அவர்கள் கண்ணில் பட்டது.

ஊருக்கென்று இருந்தது அந்த ஒரு நல்ல போர்தான். அதிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற வேண்டும், தொட்டியிலிருந்து தெருக்களுக்கு இறங்க வேண்டும். மோட்டார் ரூமிலேயே குழாயைத் திருப்பி லாரிக்கு விட்டால் தொட்டி அரைகுறையாகத்தான் நிரம்பும். அரைத் தொட்டித் தண்ணீர் கோயில் தெருவோடு நின்றுவிடும். கடைசியில் இருக்கிற கிழக்குத் தெருவுக்குக் காற்றுதான் வரும். குழாயைத் திறந்தால் உஸ் என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

அந்தக் கிழக்குத் தெருவில்தான் அக்கா மெஸ் நடத்தினாள். சொந்த அக்கா இல்லை. ஊரில் என் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் அவள் அக்காதான். புருஷன் லாரி மோதிப் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஓலை போட்டு, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்களுக்குச் சமைத்துப் போட்டாள். பக்கத்திலேயே இரண்டு ரூம் கட்டி அவர்களுக்கே வாடகைக்கும் விட்டிருந்தாள். மூன்று ஷிப்டுக்கும் அங்கே அடுப்பு எரியும். அவளுக்குத் தண்ணீர் என்றால் சோறு. சோறு என்றால் பிள்ளையின் பள்ளிக்கூடம். ஒரே மகள், அப்போது ஆறாவது படித்தாள்.

ஒரு கோடையில் கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் சுத்தமாக வரவில்லை. ஜனங்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது. அதற்குப் பயந்துதான் அடுத்த கிராம சபையில் ஒரு கண்காணிப்புக் குழு போட்டார்கள். மெம்பராக இருக்கக் கூடாது, மெம்பருக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, லாரி வைத்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத ஆளைத் தேடிப் பிடிக்கவே ஊரில் பெரும்பாடு பட்டோம். கடைசியில் மூன்று பேர் கிடைத்தோம். அக்கா ஒருத்தி, தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர், மூன்றாவது நான்.

என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் வேலை. ஒரகடம் ரோட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். மெஷினிலிருந்து இறங்குகிற உருப்படியை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி வைப்போம். லைன் சூப்பர்வைசருக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. மாதக் கடைசியில் வந்து கெஞ்சுவார், அப்புறம் மிரட்டுவார். ஆனால் அவர் சொல்லி எங்களை மாற்ற முடியாது. எங்கள் மேனேஜர் வேறு, அவர் மேனேஜர் வேறு. லைனில் செய்கிறவனே பச்சைப் புள்ளியும் வைத்துக்கொண்டால் என்றைக்கோ ஒரு நாள் எவனுக்கோ பிரேக் பிடிக்காது. இதை டீக்கடையில் நான் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் காது புளித்திருந்தது.

பூட்டு யோசனை அக்காவுடையது. எங்கள் அம்மன் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தர்மகர்த்தாவிடம் இருக்கும், இன்னொன்று அவருக்கு ஆகாத பங்காளி வீட்டில் இருக்கும். ஆகாதவர்களாகப் பார்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். இரண்டு பேரும் வந்தால்தான் உண்டியல் திறக்கும்.

“சாமிக்கே ரெண்டு பூட்டு போட்டுக்கினு கீறோம். மோட்டார் ரூமுக்குப் போட்டா இன்னா?” என்று அக்கா கிராம சபையில் எழுந்து கேட்டாள். தாசில்தார் அங்கேயே இருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை. ஒரு சாவி மோட்டார் போடுகிறவரிடம் போனது. மற்றது அக்காவின் முந்தானை முடிச்சில் ஏறியது.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் கிழக்குத் தெருவின் கடைசிக் குழாய் வரைக்கும் தண்ணீர் வந்தது. விடியற்காலையில் அக்கா போய்ப் பூட்டைத் திறப்பாள், தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பாள், பூட்டிவிட்டு வந்து இட்லி ஊற்றுவாள். அவளுக்கு முடியாத நாளில் நானோ தபால்காரரோ போவோம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒருத்தர் நிற்கிறார் என்பதுதான் விஷயம். நிற்கிற ஆளை மெம்பர்களால் மாற்ற முடியாது என்பது அதைவிட முக்கியம்.

பொங்கல் லீவில் ஒரு நாள் நானும் அக்காவோடு நின்றிருந்தபோது டேங்கர் ஒன்று வந்து நின்றது. ஒரு மெம்பருடைய தம்பியின் லாரி. பஞ்சாயத்துத் தலைவர் சொல்லி அனுப்பியதாக டிரைவர் சொன்னான். அக்கா பூட்டைத் திறக்கவில்லை. மெம்பரே பைக்கில் வந்தார்.

“ஒரு லோடு தாம்மா. ஒண்ணும் கொறஞ்சி பூடாது.”

“குறையும்ணா. எங்க தெருவுக்குத்தான் குறையும்.”

“ஊரை நீ ஆளறியா, நாங்க ஆளறோமா?”

“நீங்கதாண்ணா ஆளுங்க. நான் பூட்டைப் பாத்துக்கினு நிக்கிறேன்.”

லாரி காலியாகத் திரும்பிப் போனது. மெம்பர் போகும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் வீட்டுப் பொருளை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி ஒரு மனக்குறை அந்த முகத்தில் இருந்தது.

எங்கள் ஊராட்சி மன்றத்தில் இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் இருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் யார் கொடிக்கம்பம் உயரம் என்பதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போக மாட்டார். இந்தப் பூட்டு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். ஒரே காரில் உட்கார்ந்து தண்டலம் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் போய்ப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். ரோடு போட ஒன்று சேராதவர்கள், தெரு விளக்குக்கு ஒன்று சேராதவர்கள், தங்களைக் கேள்வி கேட்கிற மூன்று பேரை ஒழிக்க ஒன்று சேர்ந்தார்கள். அருவருப்பாக இருந்தது, வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் சுதந்திர தினத்துக் கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில்தான் நடக்கும். கொடியேற்றம், பிள்ளைகளுக்குப் பரிசு, கிராம சபை எல்லாம் ஒரே மைக்கில், ஒரே பந்தலில். தனியாக வைத்தால் ஆள் வராது என்பதால் எப்போதோ ஏற்பட்ட பழக்கம். நாலு பரிசு கொடுப்பார்கள், ஒரு தீர்மானம் வாசிப்பார்கள், மறுபடி நாலு பரிசு. தீர்மானத்துக்குக் கை தூக்குகிற வேலையெல்லாம் கிடையாது. கை தட்டினால் நிறைவேறியது என்று அர்த்தம். பிள்ளைக்குப் பரிசு வருகிற வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்து பரபரப்போடு காத்திருப்பார்கள். மிட்டாய் பெட்டி ஒரு பக்கம் சுற்றி வரும்.

லீவு நாள் என்றாலும் அன்றைக்கு டபுள் சம்பளத்துக்கு எனக்கு முதல் ஷிப்ட் போட்டிருந்தார்கள். பர்மிஷன் போட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது பாதிக் கூட்டம் முடிந்திருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நின்றேன். பஞ்சாயத்து கிளார்க் ஒரு தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வாசிப்பு மூச்சு விடாத வாசிப்பு. “கண்காணிப்புக் குழுவினை வலுப்படுத்தும் பொருட்டும் அதன் செயல்பாட்டினை முறைப்படுத்தும் பொருட்டும்” என்று தொடங்கியதைக் கேட்டேன். அதற்குப் பிறகு வந்ததுதான் விஷம். குழு உறுப்பினர்களை இனி மன்றமே நியமிக்கும். குழு எங்கே போவதானாலும் தலைவரின் முன் அனுமதி வேண்டும். மெம்பர்கள் மேல் புகார் வந்தால் முதலில் மெம்பர்களே விசாரிப்பார்கள். பாதுகாப்புக் கருதி இரண்டு சாவிகளும் அலுவலகத்தில் வைக்கப்படும்.

“என இச்சபை தீர்மானிக்கிறது” என்று கிளார்க் முடித்தார். முடித்த அந்த நொடியில் டிரில் மாஸ்டர் மைக்கை வாங்கி ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு என்று ஒரு பெயரைக் கூப்பிட்டார். அக்காவின் மகள் பெயர்.

பந்தலே அதிர்ந்தது. அப்பன் இல்லாத பிள்ளை, கிழக்குத் தெருப் பிள்ளை, அந்த வருஷம் வட்டார அளவில் ஓடி ஜெயித்து வந்த பிள்ளை. எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா எழுந்து நின்று தட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிய, தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினாள். போட்டோக்காரன் அதைப் படம் பிடித்தான். தலைவர் மைக்கை இழுத்து, “பலத்த கரவொலியுடன் ஏகமனதாக நிறைவேறியது” என்றார். பிறகுதான் பிள்ளையின் கையில் எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தார்.

நான் கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன். பின்னாலிருந்து கத்துகிறவன் குரல் கைதட்டலுக்கு நடுவில் எங்கே கேட்கும்? கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைப் பக்கம் போவதற்குள் இன்னொரு பிள்ளைக்குக் கட்டுரைப் போட்டிப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “அப்புறம் பேசலாம்பா, பசங்க ஃபங்க்ஷனைக் கெடுக்காதே” என்று டிரில் மாஸ்டர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

வீட்டுக்குப் போகிற வழியில், கிளார்க் வாசித்தது என்ன என்று நான் அக்காவிடம் சொன்னேன். மகளின் டம்ளரைப் புடவையால் துடைத்துக்கொண்டு நடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“நான் பாப்பாவுக்குத்தான தட்டினேன்?”

“தெரியும்க்கா.”

“தலைவருக்கும் தெரியும் இல்ல?”

அவருக்குத் தெரியும். யார் பெயரை எப்போது கூப்பிட வேண்டும் என்று டிரில் மாஸ்டரிடம் சொல்லி வைத்தவரே அவர்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

மறுநாள் கிழக்குத் தெருவே திரண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனது. கோயில் தெருக்காரர்களும் சில பேர் வந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தாலும் இது நியாயமில்லை என்று வந்தவர்கள் அவர்கள். தலைவர் எங்களுக்கு பெஞ்சு போடச் சொன்னார், டீ வாங்கி வரச் சொன்னார். கோபப்படவே இல்லை.

“குழுவை யாரு கலைச்சாங்க? பலப்படுத்தி கீறோம். உங்க மூணு பேருக்கும் வேலைப் பளு. பாவம், அந்தம்மா விடிகாலைல எழுந்து வந்து நிக்கிது. அதான் பொறுப்பை நாங்க எடுத்துக்கினோம்.”

“உங்களைப் பாத்துக்கறதுக்குப் போட்ட பூட்டு தலைவரே அது. அதோட சாவியும் உங்ககிட்டயே இருந்தா எதுக்குப் பூட்டு?” என்றேன்.

“எங்களை நீங்க பாத்துக்குறீங்க, சரி. உங்களை யார் பாத்துக்குறது? நாங்க ஓட்டு வாங்கி வந்தவங்க தம்பி. உங்களுக்கு யார் ஓட்டு போட்டது?”

அக்கா குறுக்கிட்டாள். “தீர்மானம் செல்லாது தலைவரே. நாங்க பொண்ணுக்குத்தான் கை தட்டினோம்.”

அவர் மேஜை டிராயரைத் திறந்து போட்டோவை எடுத்து வைத்தார். அதற்குள் பிரின்ட் போட்டு வாங்கியிருந்தார். பந்தலில் அக்கா கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் கிளார்க் கையில் காகிதத்தோடு நின்றார்.

“நீயே முன்னாடி நின்னு தட்டி கீறியேம்மா. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?”

மெம்பர்கள் சிரித்தார்கள். இரண்டு கட்சி மெம்பர்களும் சிரித்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்காகத் தட்டிய கையைக் காட்டிச் சிரித்தார்கள். அவர்கள் வாங்கித் தந்த டீயை நான் விழுங்கவில்லை. வெளியே வந்து சாக்கடையில் துப்பினேன்.

ஒன்றிய ஆபீசுக்குப் போனோம். தீர்மானம் முறைப்படி நிறைவேறியிருக்கிறது என்றார்கள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். அந்த மனு சுற்றிச் சுற்றி, உரிய நடவடிக்கைக்காக என்று எங்கள் தலைவரிடமே வந்து சேர்ந்தது. புதுக் குழுவைப் போட்டார்கள். தலைவரின் மச்சினர் ஒருவர், பைப் கான்டிராக்டர் ஒருவர், லாரி மெம்பரின் சகலை ஒருவர். முதல் கூட்டத்துக்கு பிரியாணி வந்தது. ஊர் போர்வெல் பராமரிப்பில் குறை ஏதும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆபீஸ் சுவரில் இரண்டு சாவிகளும் ஒரே ஆணியில் தொங்கின. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதில் ஒளிவு மறைவே கிடையாது.

லாரிகள் இரண்டாகின, நாலாகின. பட்டப்பகலில் வந்தன. கிழக்குத் தெருக் குழாய் முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது, பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு உஸ் சத்தம். அக்கா வயல் கிணறுகளிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டு வந்தாள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. பிள்ளை ஓட்டப் பயிற்சிக்குப் போவதை விட்டுவிட்டு அம்மாவோடு குடம் தள்ளியது.

மெஸ்ஸில் சாப்பிட்ட பையன்கள் தங்கமானவர்கள். இரண்டு மாதம் பொறுத்தார்கள். ஷிப்ட் முடித்து மெஷின் ஆயிலோடு வந்து குளிக்காமல் படுத்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைக் கட்டி வெளியே வைத்துவிட்டு, அவர்களில் மூத்தவன் தயங்கித் தயங்கி வந்தான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

“தப்பா நெனைச்சுக்கிடாதீங்கக்கா. சுங்குவார்சத்திரத்துல ரூம் பாத்துருக்கோம். அங்க டேங்கர் தண்ணி வருதாம்.”

“போங்க ராசா. உங்க மேல இன்னா தப்பு,” என்றாள் அக்கா. அன்றைக்கு ஆக்கிய சோற்றை அவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அடுப்பு அணைந்தது. ஓலையைப் பிரித்து விற்றாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று தினமும் பல்லைக் கடித்தேன். கேட்டும் பார்த்தேன். அவர் டீ வாங்கி வரச் சொன்னார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் எங்கள் கம்பெனியில், ஷாப் ஃப்ளோரை ஒட்டிய கை கழுவுகிற இடத்தில், நீலக் கோட்டு போட்ட ஹவுஸ்கீப்பிங் பெண்கள் நாலைந்து பேர் புதிதாக நின்றார்கள். கான்டிராக்டர் அனுப்பியவர்கள். அதில் ஒருத்தி அக்கா. தலையில் வலைத் தொப்பி, கையில் பக்கெட். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன், நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பாய்ந்து வந்து அவள் கோட்டில் தெறித்தது. எங்கள் கம்பெனிக்கு எந்த லாரி வருகிறது என்று எனக்குத் தெரியும். கேட்டில் தினமும் பார்க்கிறவன் நான். அதை அவளிடம் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. கையில் கொஞ்சம் பிடித்து வாயில் ஊற்றிக்கொண்டாள். எங்கள் போர் தண்ணீரில் லேசாக இரும்பு வாடை அடிக்கும், அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குத் தனியாகத் தெரியும்.

விழுங்கிவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கடைசிக் குழாய் வரைக்கும் வருது தம்பி இங்க,” என்றாள். பக்கெட் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு தரை துடைக்கப் போனாள்.